உள்ளே இருந்து இழுக்கும் கயிறு

அத்தியாயம் ஒன்பது

துப்பறியும் மேதை காலையிலிருந்து ஒரு ரப்பரிடம் தோற்றுக்கொண்டிருந்தார்.

மேதை என்பது அவர் வாசல் பலகையில் அவரே எழுதி மாட்டிய பட்டம். ஊர் அதைப் பெயராக ஏற்றுக்கொண்டதே தவிர, பட்டமாக ஏற்றுக்கொள்ளவில்லை. அவருடைய உதவியாளனுக்கு வால் என்று பெயர். எப்போதும் பின்னாலேயே வருவான், சும்மாவும் இருக்க மாட்டான்.

கார் ரிப்பேர் செய்யும் மிஸ்திரியின் ஷெட்டில், எஞ்சின் இல்லாத ஒரு பழைய கார் கூடு செங்கல் மேல் நின்றது. அதன் முன் கண்ணாடியையும், கண்ணாடியைச் சுற்றி மாட்டவேண்டிய ரப்பர் பீடிங்கையும் வைத்துக்கொண்டு மேதை போராடினார். ஒரு கையில் ஸ்குரூ டிரைவர். இன்னொரு கையில் ஸ்குரூ டிரைவர் செய்த காயம்.

"இந்த மூலையை உள்ள தள்ளினா அந்த மூலை வெளிய வந்துடுது," என்றார்.

"நம்ம கேஸ் எல்லாமே அப்படித்தானே பாஸ்," என்றான் வால், கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தபடி. "அதுக்காவது ஃபீஸ் வாங்கறோம்."

கேஸ் இதுதான். பழைய கார் பிரியர்கள் சங்கத்துக்கு ஒரு தலைவர் உண்டு. அந்தத் தலைவருக்கு ஒரு கார் உண்டு. அந்தக் காருக்கு வருஷா வருஷம் சங்கத்தின் வெள்ளிச் சுழற்கோப்பை கிடைக்கும். சுழல்வதற்கென்றே செய்த கோப்பை தலைவர் வீட்டு அலமாரியில் அசையாமல் குடியிருந்தது. இந்த வருஷம் நடுவர்கள் காரின் மேல் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். வெடித்துப்போன பீடிங் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கி, தலைவரின் மடியிலேயே போய்ச் சேர்ந்தது. கோப்பை ஒரு பல் டாக்டரின் காருக்குப் போயிற்று. இன்று மாலை விழா. தலைவர் தன் கையாலேயே அதைத் தூக்கி அந்த டாக்டரிடம் கொடுக்க வேண்டும்.

கொடுக்கப் போகும்போதாவது மிடுக்காகப் போகலாம் என்று நேற்றுத்தான் மிஸ்திரியை வரவழைத்து முன் கண்ணாடிக்குப் புது பீடிங் போட்டுக்கொண்டார். புது என்பது ஒரு பேச்சுக்கு. காரின் வயதே அந்த ரப்பருக்கும் வயது. ஏதோ ஒரு கிடங்கில் பிரிக்காத பொட்டலமாகக் கிடந்து விறகாகியிருந்தது. மிஸ்திரி மெத்தென்ற இந்தக் காலத்து ரப்பர் போடலாம் என்றாராம். தலைவர், "ஒரிஜினல்தான் வேணும்," என்றாராம். ஒரிஜினல் என்ற சொல்லைச் சொல்லும்போது தலைவர் கண்ணை மூடிக்கொள்வார்.

இரவு கோப்பையைக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தார். காலையில் கோப்பை இல்லை. கதவு நான்கும் பூட்டியபடி. ஒரே சாவி தலைவரின் கழுத்தில். பேனட்டில் காய்ந்த சோப்பு நுரை, முன் சக்கரத்தருகே ஒரு துண்டு நைலான் கயிறு.

இன்ஸ்பெக்டருக்கு யோசிக்கவே வேலை இருக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றியிருக்கிறான், கோப்பையை எடுத்திருக்கிறான், கண்ணாடியைத் திரும்ப மாட்டியிருக்கிறான். கதவைத் தொடாமல் இதைச் செய்யத் தெரிந்தவன் யார்? மிஸ்திரி இப்போது லாக்கப்பில் இருந்தார். மத்தியானம் கோர்ட். அங்கிருந்து சிறை.

போலீஸ் மட்டும் வந்தால் சங்கத் தலைவரின் கௌரவத்துக்குப் போதாது என்பதால்தான் தலைவர் மேதையையும் அழைத்திருந்தார். காலையில் கழுத்துச் சங்கிலியிலிருந்த சாவியைத் தூக்கிக் காட்டி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினார். "இந்தக் காலத்து வண்டிங்க கை தட்டினாலே பூட்டிக்கும். என் வண்டிக்கு மரியாதை தெரியும். மத்த மூணு கதவுக்கும் உள்ள தாழ்தான். டிரைவர் கதவை மட்டும் நான் வெளிய நின்னு, என் கையால, இந்தச் சாவியைப் போட்டுத் திருப்பணும். உலகத்துலயே இது ஒண்ணுதான். குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டேன்."

"துருப்பிடிக்காதுங்களா?" என்று வால் கேட்டான்.

"தங்க முலாம்," என்றார் தலைவர், கண்ணை மூடிக்கொண்டு.

மேதை பவ்யமாகத் தலையாட்டிவிட்டு நேராக மிஸ்திரியின் ஷெட்டுக்கு வந்தார். தலைவர் சொன்னதைத்தான் அப்படியே நம்பிக்கொண்டு வந்தார். இங்கே மிஸ்திரியின் மனைவி இருந்தாள். காலையிலிருந்து அவள் அழவில்லை. ஷெட்டை ஒழுங்கு செய்துகொண்டே இருந்தாள். ஒழுங்காக இருந்ததையெல்லாம் எடுத்து மறுபடி ஒழுங்காக வைத்தாள்.

"சார், அப்படிக் குத்தினா அது ஜென்மத்துக்கும் வராது," என்றாள் இப்போது. "ரப்பர் கிழியும். இல்லாட்டி கண்ணாடி தெறிக்கும். விடுங்க."

"இதை உங்க வீட்டுக்காரர் எப்படிம்மா மாட்டுவாரு?"

அவள் ஒரு அண்டாவில் வெந்நீர் கொண்டுவந்தாள். ரப்பரை அதில் ஊறப்போட்டாள். "இவரு திருடுவாரா சார், சொல்லுங்க. அந்தக் கோப்பைய வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? தண்ணி குடிக்கக்கூட ஆகாது. ரெண்டு பக்கமும் காது. மூக்குல இடிக்கும்."

"நீதிபதிகிட்ட இதைச் சொல்லலாம்க்கா," என்றான் வால். "இதுவரைக்கும் கிடைச்சதுல நல்ல பாயின்ட் இதுதான்."

ரப்பர் சற்று இளகியது. அவள் அதைக் கண்ணாடியின் விளிம்பைச் சுற்றி மாட்டினாள். ரப்பரின் உள்பக்க உதட்டில் ஒரு பள்ளம் ஓடியது. அதில் நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரண்டு முனைகளையும் கீழே நடுவில் தொங்கவிட்டாள். எல்லாவற்றின் மேலும் சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாள். கண்ணாடியை வெளியிலிருந்து கார் கூட்டின் முன் திறப்பில் பொருத்தி, அதைப் பிடித்துக்கொள்ளும்படி வாலிடம் சொன்னாள். யாரும் சொல்லாமலேயே கதவைத் திறந்து உள்ளே போய், கால்களை மடக்கி, அளவெடுத்துத் தைத்தவள்போல அந்த இடத்தில் பொருந்தி உட்கார்ந்தாள்.

"நான் உள்ள கயிறை இழுப்பேன். கயிறு வர்ற இடத்துல ரப்பர் உதடு தகரத்து மேல ஏறி வரும். நீங்க வெளிய அதே இடத்துல உள்ளங்கையால தட்டிக்கிட்டே வரணும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது."

"எப்ப எங்க தட்டறதுன்னு எப்படித் தெரியும்?"

"பேச்சே வேணாம் தம்பி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரு கை எங்க இருக்குன்னு பார்த்துக்கிட்டே இழுப்பேன். நேத்து தலைவரு வீட்டுலயும்..."

அவள் நிறுத்திக்கொண்டாள். கயிற்றைப் பார்த்தாள்.

"இழுக்கிறேன், தட்டுங்க," என்றாள்.

கயிறு சரசரவென்று வந்தது. ரப்பர் புழுவைப்போல நெளிந்து தகரத்தின் மேல் ஏறிக்கொண்டது. மேதை காலையெல்லாம் மல்லுக்கட்டியது, வால் ஒரு கொட்டாவியை ஆரம்பித்து முடிப்பதற்குள் பொருந்தி நின்றது. அவள் உள்ளங்கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். இரண்டிலும் குறுக்கே கயிற்றுத் தழும்பு, கைரேகையைவிட ஆழமாக.

பக்கத்து ஜன்னல் வழியாகத் தலையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மேதை துள்ளி நிமிர்ந்தார். கார் கூட்டின் கூரை அவர் தலையைத் தடுத்தது. அதையும் அவர் பொருட்படுத்தவில்லை.

"வால், வண்டியை எடு. வெளிய ஒரு ஆள், உள்ள ஒரு ஆள். ஒருத்தனா இதைச் செய்யவே முடியாது. மிஸ்திரி தனி ஆள். கேஸ் முடிஞ்சுது."

"அவரை விட்டுடுவாங்களா சார்?" என்றாள் அவள்.

"சாயங்காலம் வீட்டுல இருப்பாரும்மா. இது மேதையோட வாக்கு."

ஸ்கூட்டரில் போகும்போது வால் திரும்பித் திரும்பி ஏதோ சொல்லிப் பார்த்தான்.

"பாஸ், ஒரு சின்ன சந்தேகம்."

"பேசாதே. வாதத்தைக் கோத்துக்கிட்டிருக்கேன்."

"அந்தக் கோத்த வாதத்துலதான் பாஸ்..."

"ரோட்டைப் பாரு."

வால் ரோட்டைப் பார்த்தான். அன்று அவன் கேட்டு நடந்த ஒரே கட்டளை அதுதான். அதற்காக அவன் பிறகு ரொம்ப நாள் வருத்தப்பட்டான்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் மோசமான ஆள் இல்லை. களைத்த ஆள். மேசைக்கு எதிரே கம்பிக்குப் பின்னால் மிஸ்திரி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "நான் எடுக்கலைங்க." எத்தனை விதமாகக் கேட்டாலும் அதே வாக்கியம் வந்ததில் இன்ஸ்பெக்டருக்கும் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருந்தது. மேதை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தச் சந்தேகம் வளர்ந்திருக்கவும்கூடும்.

மேதை வாயைத் திறந்தார். நின்றுகொண்டே பேசினார். வெந்நீர், சோப்பு, பள்ளம், கயிறு, உதடு, உள்ளங்கை என்று எதையும் விடவில்லை. முடிவில் கையை உயர்த்தி, "ஆகவே இது ஒரு ஆள் செய்யற வேலையே இல்ல," என்றார்.

இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு சார். இன்னொரு தடவை சொல்லுங்க. உள்ள கட்டாயம் ஒரு ஆள் வேணுமா?"

"கட்டாயம்."

"ஒல்லியான ஆளா இருந்தா தேவலையா?"

"ரொம்பத் தேவலை. இடுக்குல உட்காரணும்ல."

வால் மேதையின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். மேதை கையைத் தட்டிவிட்டார்.

"பழகின கை?"

"பின்னே? பழகின கையா இருந்தா நிமிஷத்துல முடிஞ்சுடுது. இப்பத்தான் என் கண்ணால பார்த்துட்டு வரேன்."

"எங்க பார்த்தீங்க?"

மேதையின் கை உயர்ந்தபடியே நின்றது. வாயும் திறந்தபடியே நின்றது. பிழைப்புத் தொடங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"இதைத்தான் பாஸ் ஸ்கூட்டர்ல சொல்ல வந்தேன்," என்றான் வால், யாருக்கும் கேட்காத குரலில்.

இன்ஸ்பெக்டர் பெண் கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார். "இவன் சம்சாரத்தை அழைச்சிட்டு வாங்க. கையைப் பாருங்க, தழும்பு இருக்கும்." பிறகு மேதையிடம் திரும்பி, உண்மையான நன்றியுடன், "ஒரு இடம் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு சார். நல்லவேளை நீங்க வந்தீங்க," என்றார்.

கம்பிக்குப் பின்னால் மிஸ்திரி எழுந்து நின்றார்.

"நான்தாங்க எடுத்தேன்."

"காலைல இருந்து இல்லைன்னியே?"

"இப்ப ஆமாங்கிறேன். நான் மட்டும்தான். தனியா."

"கோப்பை எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன்."

"எதுக்கு?"

மிஸ்திரி அவ்வளவு தூரம் யோசித்து வைத்திருக்கவில்லை. "கனமா இருந்துச்சுங்க," என்றார்.

"யோவ், ஒத்துக்காதய்யா," என்று மேதை கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "தனியா முடியாதுன்னு நான் நிரூபிச்சுட்டேன்."

"சாருக்கு முடியாது. எனக்கு முடியும்." மிஸ்திரி அவர் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க சார். செஞ்ச நல்லதெல்லாம் போதும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார், திறந்தார். தனியாக முடியுமா என்று கோர்ட்டில் எதிர்த் தரப்பு வக்கீல் கேட்பார் என்பது அவருக்குத் தெரியும். "செஞ்சு காட்டுவியா?"

"காட்டறேன். காட்டிட்டா அவளை விட்டுடுவீங்களா?"

"உன்னால தனியா ஆகும்னா அவ எனக்கு எதுக்கு?"

"அப்பப் போலாங்க," என்றார் மிஸ்திரி. வேலைக்குக் கிளம்புகிறவரைப் போலச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

தலைவரின் கார் கொட்டகை பல வீடுகளைவிடச் சுத்தமாக இருந்தது. மாலை விழாவுக்கு இப்போதே உடுத்திக்கொண்டு, தலைவர் ஒரு பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மார்பில் சங்கப் பதக்கம், அதன் மேல் சாவி. நேற்று வேலை நடந்தபோதும் அவர் இதே நாற்காலியில்தான் இருந்தார். பேனட்டில் தெரிந்த தன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால், காருக்குள்ளே ஒரு பெண் கயிறு இழுத்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

"திரும்பக் கழட்டணுமா? அது ஒரிஜினல் ரப்பர்," என்றார்.

"குத்தவாளியே செஞ்சு காட்டறேங்கிறான் தலைவரே," என்றார் இன்ஸ்பெக்டர். "கேஸுக்கு பலம்."

தலைவரின் முகம் மலர்ந்தது. "அப்படியா? பேஷ். நடக்கட்டும்." சாவியைக் கழற்றாமலே குனிந்து, சங்கிலியோடு சேர்த்துக் கதவைத் திறந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மிஸ்திரியின் மனைவி பெண் கான்ஸ்டபிளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றாள். புருஷன் உள்ளே வந்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

மிஸ்திரி பேனட்டின் மேல் ஒரு போர்வையை விரித்தார். வெளியே நின்றபடியே தட்டையான மரக்குச்சியால் ரப்பரின் உதட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி இழுக்க, கண்ணாடி போர்வையின் மேல் சாய்ந்தது. அதுவரை சுலபம். ரப்பரை வெந்நீரில் போட்டார். அது இளகினேன் என்று பேர் பண்ணியது. கயிற்றைப் பதித்தார். கண்ணாடியைத் தூக்கிக் காரின் முன் திறப்பில் நிறுத்தினார். வெளியே தட்ட ஆள் இல்லை. இரண்டு பட்டைகளைக் கண்ணாடியின் குறுக்கே போட்டு, பக்கத்து ஜன்னல்கள் வழியாக உள்ளே கொண்டுபோய் இறுக்கி முடிந்தார்.

பிறகு ஆரம்பித்தது. உள்ளே போய் ஒரு சாண் கயிறு இழுப்பார். இறங்கி ஓடிவந்து வெளியே தட்டுவார். மறுபடி உள்ளே போவார். அதற்குள் ரப்பர் ஏறிய தூரத்தில் பாதி இறங்கியிருக்கும். கதவு திறந்தது, மூடியது, திறந்தது. மனிதர் ஒருவர்தான், ஆனால் இரண்டு பேராக இருக்கப் பார்த்தார். வியர்வையும் சோப்புத் தண்ணீரும் கலந்து முழங்கையிலிருந்து சொட்டின.

"பாஸ்," என்றான் வால் மெதுவாக. "இவரு ஜெயிக்கணும்னு வேண்டிக்கவா, தோக்கணும்னு வேண்டிக்கவா?"

ஜெயித்தால் இவர் உள்ளே. தோற்றால் அவளும் உள்ளே. மேதை இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தார்.

"தெரியலடா," என்றார். அந்தச் சொல்லை அவர் சொல்லி வால் கேட்டதே இல்லை. கிண்டல் செய்யலாம் என்று வாயெடுத்தவன், அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

வலது கீழ் மூலையில் ரப்பர் சண்டித்தனம் செய்தது. மிஸ்திரி ஏற்றினார், இறங்கியது. ஏற்றினார், இறங்கியது. சுவரோரம் நின்றவளின் கைகள் தாமாகவே மூடிக்கொண்டன. சேலை முந்தானை விரல்களில் கயிறுபோலச் சுற்றிக்கொண்டது. அவர் உள்ளே இழுத்தபோதெல்லாம் அவள் மணிக்கட்டும் ஒரு இழுப்பு இழுத்தது. கான்ஸ்டபிள் அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சோப்பு காஞ்சுபோச்சு," என்றாள் அவள் திடீரென்று.

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் ஜெயிக்கக் கூடாது என்று உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் கண்ணெதிரே ஒரு வேலை கெட்டுப்போவதை அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மிஸ்திரி திரும்பவில்லை. குவளையை எடுத்து மூலையில் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். உள்ளே போனார். கயிற்றைச் சுற்றிக்கொண்டு, காலை டேஷ்போர்டில் முட்டுக்கொடுத்து, கடைசி முழத்தை இழுத்தார். தப் என்று ஒரு சத்தம். கண்ணாடி உட்கார்ந்துவிட்டது.

அவர் இறங்கி வந்து பார்த்தார். நான்கு மூலையும் படிந்திருந்தன. அந்த முகத்தில் ஒரு கணம் ஒரு சந்தோஷம் வந்தது. எதற்காக ஜெயித்தோம் என்பது நினைவுக்கு வந்ததும் அது போயிற்று.

"முடிஞ்சுதுங்க," என்றார். "தனியா."

தலைவர் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை. அவருடைய தட்டல் மட்டும் கொட்டகையைச் சுற்றிவந்து அவரிடமே சேர்ந்தது.

"பாத்துட்டீங்களா?" என்றார். "கைகாரன். கூட்டிட்டுப் போங்க. எனக்கு விழா இருக்கு."

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போம்மா," என்றார். அவள் நகரவில்லை. மிஸ்திரியிடம், "சரி, மிச்சத்தையும் முடி. காலைல வண்டி எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்," என்றார்.

மிஸ்திரி தலையாட்டினார். குற்றத்தைச் சரியாகச் செய்து முடிக்கவேண்டுமே என்ற கவலை அவருக்கு. பட்டைகளை அவிழ்த்தார். ஜன்னல்களை ஏற்றினார். உள்ளே உட்கார்ந்து மூன்று கதவுகளின் தாழையும் போட்டார். டிரைவர் கதவு வழியாக இறங்கி, அதைச் சாத்தினார். கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். திறந்துகொண்டது.

மறுபடி உள்ளே போய், டிரைவர் கதவில் தாழைத் தேடினார். அதில் தாழே இல்லை. அடுத்த கதவைத் திறந்து, தாழை அமுக்கிவிட்டு இறங்கி அறைந்து சாத்தினார். தாழ் டொக்கென்று எகிறியது. பின் கதவுக்குப் போனார். அதுவும் எகிறியது. இன்னொரு பின் கதவு. டொக். காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். தான் கெட்டவன் என்று காட்ட ஒரு மனிதன் இவ்வளவு பாடுபட்டு வால் பார்த்ததில்லை.

கடைசியில் மிஸ்திரி சோப்பு வழியும் கையைத் துடைத்துக்கொண்டு பிரம்பு நாற்காலிக்கு முன் வந்து நின்றார். மரியாதையாகக் கையை நீட்டினார்.

"ஐயா, அந்தச் சாவியைக் கொஞ்சம் குடுங்க. பூட்டிக் காட்டிட்டுத் தந்துடறேன்."

தலைவரின் கை தானாகச் சாவிக்குப் போயிற்று, அங்கேயே நின்றது.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "தலைவரே, ராத்திரி அந்தச் சாவி எங்க இருந்துச்சு?"

"என் கழுத்துலதான்," என்றார் தலைவர். பழக்க தோஷம், பெருமைகூடக் குரலில் இருந்தது. சொல்லி முடித்த பிறகுதான் காதில் விழுந்தது. "அதாவது, கழட்டி மேசையில வெச்சிருந்தாலும் வெச்சிருப்பேன்."

"குளிக்கும்போதுகூடக் கழட்ட மாட்டீங்களே," என்றான் வால். "தங்க முலாம்."

"சாவி இருக்கிறவனுக்கு..." என்று மேதை தனக்குத்தானே முணுமுணுத்தார். "சாவி இருக்கிறவன் கண்ணாடியைக் கழட்ட வேண்டிய அவசியமே இல்லையேடா. யாருமே கழட்டலை. சோப்பும் கயிறும் சும்மா போட்டது."

"சத்தமாச் சொல்லுங்க பாஸ். இப்பச் சொன்னா யாரும் உள்ள போக மாட்டாங்க."

மேதை சொல்லவில்லை. காலையில் அந்தச் சாவியை மூக்குக்கு நேராக ஆட்டிக் காட்டியபோது தான் பவ்யமாகத் தலையாட்டியது அவருக்கு நினைவு வந்தது. அவர் கண்டுபிடித்த ஒரே உண்மை ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தது. கண்டுபிடிக்காத உண்மை இப்போது தானாக நடந்துவந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதில் அவர் செய்ய ஒன்றும் இல்லை. காலையிலும் இருந்திருக்கவில்லை.

இதில் கடைசியாக விளங்காமல் நின்றது மிஸ்திரிக்குத்தான். "இல்லைங்க, நான் எப்படியோ பூட்டினேங்க," என்றார் பதறிப்போய். "எப்படின்னு மறந்துடுச்சு. இன்னும் ஒரு தடவை பார்க்கறேன்."

"நீங்க வாயை மூடுங்க," என்றாள் அவர் மனைவி. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அந்த அதட்டலில் வந்துவிட்டது. "உங்களுக்குத் திருடத் தெரியலை. விடுங்க."

இன்ஸ்பெக்டர் காரின் பின்பக்கமாக நடந்தார். டிக்கியை விரலால் தட்டினார். காலையிலிருந்து கொட்டகையையும் மிஸ்திரியின் வீட்டையும் ஷெட்டையும் கவிழ்த்துப் போட்டுத் தேடியவர்கள் டிக்கியைத் தொடவே இல்லை. காணாமல் போன பொருளைப் பறிகொடுத்தவரின் வண்டியிலேயே தேடுவது மரியாதைக் குறைவு என்று விட்டிருந்தார்கள்.

"இதுக்கும் அதே சாவிதானா தலைவரே?"

தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். "அந்த ஆளு அதுல பேனா போட்டு வைப்பான்யா," என்றார். குரலில் தலைவர் இல்லை. பொம்மையைப் பறிகொடுத்த குழந்தை இருந்தது. "அந்தப் பல் டாக்டர். மேசை மேல வெச்சு, அதுல பேனா போட்டு வைப்பான். எனக்குத் தெரியும்."

"சாவி," என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைவர் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். வருஷக்கணக்கில் கழற்றாத கொக்கி. திருகினார், இழுத்தார், மறுபடி திருகினார். சங்கிலி கழுத்தில் சிவப்பாகக் கோடு போட்டது. கொக்கி அசையவில்லை. "வரமாட்டேங்குது," என்றார் எல்லோரையும் பார்த்து.

மிஸ்திரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. குவளையை எடுத்துக்கொண்டு அருகில் போனார்.

"இப்படிக் குனிங்க ஐயா. இறுகினது எதுவா இருந்தாலும் கொஞ்சம் சோப்புத் தண்ணிக்கு வந்துடும்."

தலைவர் குனிந்தார். விழாச் சட்டையின் காலர் நனைந்தது. கொக்கி வழுக்கியது, ஆனால் குவளையைப் பிடித்திருந்த மிஸ்திரிக்கு இன்னொரு கை போதவில்லை. சுவரோரமாக நின்றவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. மறுபக்கம் நின்று, அவர் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். தழும்பு விழுந்த விரல்களால் சங்கிலியைப் பிடித்தாள்.

அவர் ஊற்றினார். அவள் இழுத்தாள்.